இழுத்துப் பிடித்த டேப்

அந்த வியாழக்கிழமையோடு, வலி தொடங்கி முன்னூற்றுப் பதினொரு நாள். யாராவது கேட்டால் "ஒரு வருஷம் இருக்கும்" என்றுதான் சின்னவள் சொல்வாள். நாள் கணக்கைச் சரியாகச் சொன்னால், அன்றைக்கு என்ன நடந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

வலி வலது தோள்பட்டைக்குப் பின்னால், ஒரு நாணயம் அளவு இடத்தில் தொடங்கும். சாயங்காலம் ஆக ஆக ஒரு பக்கம் கழுத்துக்கு ஏறும், இன்னொரு பக்கம் முழங்கைக்கு இறங்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நரம்பில் ஊசி குத்திப் பார்த்ததிலும் எல்லாம் சரி. "ஒண்ணும் இல்ல" என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள், ஆனால் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஒருவர் வாழ்த்துச் சொல்வது போலச் சொன்னார். ஒருவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒருவர் சொல்லி முடித்துவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

அவள் இயற்பியல் படித்தவள். கட்டடங்களில் தீ அலாரங்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை. ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் ஒரு கோப்பை, கோப்பைக்குள் பொய்ப் புகை. கூரையில் இருக்கும் டிடெக்டர்மேல் கோப்பையைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். அது அலறினால் உயிரோடு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பேச வேண்டியதையெல்லாம் கூட வேலை பார்க்கும் சைரன் பேசிக்கொள்வான். அவன் குரலுக்காக ஆபீஸில் வைத்த பெயர். அவன் இருக்கிற தளத்தில் அலாரம் தேவையில்லை என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். வலிக்குக் காரணம் கம்புதான் என்று அவன் முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டான். நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் தோள் என்ன பூ பூக்குமா என்று கேட்டான். அவளைக் கீழே அலாரம் பேனலுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, இரண்டு மாதம் கம்பை அவனே தூக்கினான். அவள் வலி அப்படியே இருந்தது. அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

"உன் வலி எனக்கு ஒட்டிக்கிச்சு. சரி, உனக்காவது போச்சான்னு பார்த்தா, அதுவும் இல்ல. இது என்ன நியாயம், மேடம்?" என்றான்.

கம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் வலிக்கு வேறு பெயர் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான், அவளும் அக்காவும். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். அம்மா போய் ஆறு வருஷம். அம்மாவுக்கு வந்தது தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிற நோய். முதலில் வலது தோள். ஒருநாள் தலை சீவக் கையைத் தூக்கினாள், கை காதைத் தாண்டவில்லை. அப்புறம் தட்டு, அப்புறம் படி, கடைசியில் மூச்சு.

அது குடும்பத்தில் இறங்கி வருகிற நோய். பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். பாதி என்றால் இரண்டு பேரில் ஒருத்தி. அப்படியானால் அந்த ஒருத்தி நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நான்தானே மூத்தவள் என்றாள். அழுதுகொண்டிருந்தவள் அந்தக் கணக்கைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். கணக்குத் தப்பு என்று சின்னவளுக்கு அப்போதே தெரியும். அக்கா அதன்மேல் காலை ஊன்றி நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

அந்தக் கணக்கிலிருந்துதான் வீட்டின் ஒரே சட்டம் வந்தது. மரபணுப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் போகக்கூடாது. "உனக்கு இல்லன்னு தெரிஞ்சா எனக்கு இருக்குன்னு தெரிஞ்ச மாதிரி. எனக்கு இல்லன்னா உனக்கு. அப்படி ஒரு பேப்பர் நம்ம வீட்டுக்குள்ள வரவே வேண்டாம்" என்று அக்கா சொன்னாள். சின்னவள் தலையாட்டினாள்.

அக்கா துணி வெட்டுகிறவள். பெரிய தையல் நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டர். ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தங்கைக்குத் தோள் வலி வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் மேல்கையை அளந்தாள். அம்மாவுக்கு முதலில் மெலிந்தது அந்த இடம்தான். அளந்து முடித்ததும் எண்ணைச் சொல்லமாட்டாள். "சாப்பிடு, நல்லா சாப்பிடு" என்று மட்டும் சொல்வாள்.

இப்போது அக்காவுக்கு ஒரு வேலை வந்திருந்தது. வேறு நாட்டில், ஒரு பெரிய நாடக அரங்கின் உடைக் கூடத்தில், இரண்டு வருஷம். ராஜா உடையும் பிச்சைக்காரன் உடையும் ஒரே மேசையில் வெட்டுகிற வேலை என்று சொல்லும்போது அக்காவின் முகம் பள்ளிக்கூடத்துப் பெண் முகமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போகவில்லை என்று அக்கா முடிவு செய்திருந்தாள். காரணம் கேட்டதற்கு, குளிர் ஒத்துக்காது என்றாள். பத்து வருஷமாக ஏ.சி. அறையில் துணி வெட்டுகிறவள்.

சின்னவளின் தோள்தான் காரணம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் வலிக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனாள். டாக்டருக்கு அக்காவின் வயது இருக்கும். ஸ்கேன் கவர்களைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, கையை நீட்டித் தன்னைத் தள்ளச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கித் தள்ளினாள். இன்னும் என்றார். தள்ளினாள். டாக்டரின் சக்கரம் வைத்த மேசை நாற்காலி பின்னால் உருண்டு போய் அலமாரியில் இடித்து நின்றது.

"பலம் கொஞ்சமும் குறையல. அலமாரியே சாட்சி" என்றார் டாக்டர். அம்மாவின் நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். இது அது மாதிரி இல்லை, அது பலத்தை எடுக்கிற நோய், இங்கே பலம் முழுசாக இருக்கிறது, வலி மட்டும் இருக்கிறது என்றார்.

அப்புறம் நிதானமாக விளக்கினார். தோள் தகவல்தான் அனுப்பும். அது ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்வது மூளை. ஒருவர் ரொம்ப நாளாக எதற்காவது பயந்துகொண்டோ, எதையாவது அடக்கிக்கொண்டோ இருந்தால், நரம்பு முழுக்க விழிப்பாகவே இருக்கும். சாதாரணத் தகவலுக்கும் பெரிய வலியாகப் பதில் வரும்.

"அப்போ இது என் கற்பனையா?"

"இல்ல. நிஜமாவே வலிக்குது. அடிபட்டா எப்படி வலிக்குமோ அப்படியேதான் வலிக்குது. வழிதான் வேற."

இதைக் கேட்டதும் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. முதல் தடவையாக ஒருவர் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லாமல் எப்படி என்று சொல்லியிருக்கிறார். எப்படி என்று தெரிந்த விஷயத்தை அவளால் கையாள முடியும்.

எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வருஷம் இருக்கும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "மாத்திரை எப்போ போட்டீங்க, எத்தனை நிமிஷத்துல கேட்டுச்சு, எல்லாம் சரியா சொன்னீங்க. இதுல மட்டும் 'இருக்கும்'?"

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. தோளைப் பொத்திப் பொத்தி வைக்காமல் அசைக்கச் சொல்லி, நாலு பயிற்சி காட்டி அனுப்பினார்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒரு ஹோட்டலில் வேலை. மேல் தளத்து நடையில் ஒரு டிடெக்டர் தினமும் சாயங்காலம் காரணமில்லாமல் அலறிக்கொண்டிருந்தது. குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்த விருந்தாளிகள் புகார் எழுதியிருந்தார்கள். இதற்கு முன் வந்தவர்கள் இரண்டு முறை புது டிடெக்டர் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புதுசும் அலறியது. சைரன் அதை ஆஃப் பண்ணி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம் என்றான்.

அவள் வேறு ஒன்று செய்தாள். அவர்கள் தொழிலில் பழைய முறைதான், பொறுமை இல்லாததால் யாரும் செய்வதில்லை. அலறுகிற டிடெக்டரையும் நாலு கதவு தள்ளி இருக்கிற அமைதியான டிடெக்டரையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும். அலறல் கூடவே போனால் கோளாறு டிடெக்டரில். அலறல் பழைய இடத்திலேயே நின்றால் கோளாறு அந்த இடத்தில்.

புதன்கிழமை சாயங்காலம் பழைய இடமே அலறியது. இந்த முறை அலறியது இதுவரை வாயே திறக்காத டிடெக்டர். அவள் சுவரோடு நடந்து போய் ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே இஸ்திரி அறை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள், நீராவி மொத்தமும் நடைக்கு வரும்.

"அட பாவமே. நல்ல டிடெக்டர் ரெண்டைக் கழட்டிக் குப்பையில போட்டாங்களே" என்றான் சைரன். குப்பையில் போனவற்றுக்காக அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். மதியத்திலிருந்து கம்பைத் தூக்கியபடி நிற்கிறாள். தோள் வலிக்கவில்லை.

உடம்பு அலாரம் பேனல் இல்லை. இந்த மாதிரி ஒப்பீடுகளில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் முறை முறைதான். இத்தனை நாளும் தலையணையை மாற்றினாள், பையைத் தோள் மாற்றினாள், கம்பை மாற்றினாள், படுக்கிற பக்கத்தை மாற்றினாள். இடத்தை மாற்றிப் பார்க்கவே இல்லை. ஆனால் அது தானாக மாறாமலும் இல்லை. வெளியூர் வேலைக்குப் போன மூன்று நாளும் வலி இல்லை. அக்கா அலுவலக விஷயமாக ஒரு வாரம் போயிருந்தபோது, அந்த வீட்டிலேயே வலி இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் வரைபடக் கோட்டில் விழாத புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவார்களே, அப்படி விட்டிருந்தாள். பஸ் அவர்கள் தெருமுனையில் திரும்பும்போதுதான் அந்த நாணயம் சுட ஆரம்பிக்கும். அக்கா "வந்துட்டியா" என்று கேட்கும்போது கழுத்துக்கு ஏறும்.

வலி இருந்தது தோளில்தான். இஸ்திரி அறைக் கதவு வேறு எங்கோ இருந்தது. அது எங்கே என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

முன்னூற்றுப் பதினொரு நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, அவள் வேலைக்கு என்று சொல்லிவிட்டு மரபணுப் பரிசோதனை முடிவை வாங்கப் போனாள். துணைக்கு யாரையாவது கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லியிருந்தாள். முடிவைக் கேட்டுவிட்டு, காகிதம் வேண்டாம் என்று கையை வீசிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாக்கியம் தயாராக இருந்தது.

உள்ளே அக்கா மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் அக்காவின் வலது கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. அக்கா சிரித்தாள். "கை வழுக்கிடுச்சு. என்ன சொல்ல வந்த?" என்று கேட்டாள்.

பதினைந்து வருஷமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

"ஒண்ணும் இல்ல" என்றாள் சின்னவள். அன்று ராத்திரி தோள் வலிக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து அக்கா அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் மறுபடி விழவே இல்லை. அதற்காக அவள் பார்ப்பதை நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் சைரன் தேநீர் குடிக்கக் கூப்பிட்டான். வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்றாள். நீயாக ஒரு முழு வாக்கியம் பேசியதே பெரிய விஷயம், போய் வா என்றான். தெருமுனையில் பஸ் திரும்பியது. நாணயம் சுட ஆரம்பித்தது. 'தெரியும், வா' என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கா மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். காலையில் முதல் வேலையாகப் பதில் அனுப்பப் போவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று சின்னவள் கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

அக்கா டேப்பைச் சுற்றினாள். சுற்றி, இழுத்தாள். தோலில் வரி விழுகிற அளவுக்கு.

டேப் உடம்பைத் தொடணும், பிடிக்கக்கூடாது. தையல் நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் அக்கா சொல்கிற முதல் பாடம் அது. இரண்டாம் முறை இழுத்துப் பிடித்தவர்களை அன்றைக்கே பொத்தான் தைக்க அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, டேப்பை இழுக்கற."

"இல்லையே."

"உன் கையைப் பாரு."

அக்கா பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. மெதுவாகத் தளர்த்தினாள். டேப் தானாக ஒரு கோடு, இரண்டு கோடு என்று நகர்ந்து நின்றது.

"கம்பு தூக்கற கை இது, அக்கா. போன வருஷத்தைவிடப் பெருசாத்தான் இருக்கும். இத்தனை வாரமும் நீ இழுத்துதான் அளந்திருக்க."

அக்கா டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், திரும்பச் சுருட்டினாள். "மெலிஞ்ச மாதிரியே தெரிஞ்சுதுடீ" என்றாள்.

"உட்காரு. உன் பொத்தான் டப்பாவைக் கொடு."

சின்னவள் ஒரு சின்ன டப்பாவைக் காலி செய்தாள். ஒரே அளவில் கறுப்புப் பொத்தான் ஒன்று, வெள்ளைப் பொத்தான் ஒன்று, இரண்டையும் அதற்குள் போட்டுக் குலுக்கினாள். இந்த டப்பாதான் அம்மா என்றாள். கறுப்பு நோய், வெள்ளை நோய் இல்லை. நீ பிறக்கப் போகிறாய், பார்க்காமல் ஒன்று எடு என்றாள்.

இது என்ன விளையாட்டு என்று முனகிக்கொண்டே அக்கா எடுத்தாள். கறுப்பு. முகம் சுருங்கியது. "அப்போ உனக்கு வெள்ளை. அதான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்று டப்பாவைச் சின்னவள் பக்கம் தள்ளினாள்.

"எடுத்ததைத் திருப்பிப் போடு."

"எதுக்கு? நான் எடுத்துட்டேனே."

"நீ எடுத்ததால அம்மாகிட்ட குறையலக்கா. நான் பொறந்தப்போ அம்மாகிட்ட ரெண்டும் முழுசா இருந்துச்சு. போடு."

அக்கா பொத்தானைப் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் போட்டாள். சின்னவள் குலுக்கி எடுத்தாள். கறுப்பு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மறுபடி எடுத்தார்கள். வெள்ளை, வெள்ளை. மறுபடி. கறுப்பு, வெள்ளை. எட்டுப் பத்து முறை எடுத்த பிறகு அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ ரெண்டு பேருக்கும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"ரெண்டு பேருக்கும் இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம். உனக்கு என்னங்கறது எனக்கு வந்ததைப் பொறுத்து இல்ல. எனக்கு எது வந்திருந்தாலும் உனக்குப் பாதிக்குப் பாதிதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இத்தனை வருஷம் உன் பொத்தானையும் சேர்த்து நான்தான் எடுத்துக்கிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நிறுத்தித் தங்கையைப் பார்த்தாள்.

"இதை ஏன் இன்னைக்குச் சொல்ற?"

சின்னவள் பொத்தான்களை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"போயிட்டு வந்துட்ட" என்றாள் அக்கா. கேள்வி மாதிரி இல்லை. "எப்போ?"

"முன்னூத்திப் பதினோரு நாள் ஆச்சு."

அக்கா எழுந்து வந்து அவள் வலது தோளில் கை வைத்தாள். சரியாக அந்த நாணயத்தின்மேல். பரவாயில்லை என்றாள். நான் எங்கும் போகவில்லை, இருக்கிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள்ளவில்லையா, உன்னையும் பார்த்துக்கொள்வேன் என்றாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வலி கழுத்து வரை ஏறி, முழங்கை வரை இறங்கி, இதுவரை இல்லாத அளவுக்கு இருந்தது. சின்னவள் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. எப்படி வருகிறது என்று தெரிந்த வலி. நாளைக்கும் இருக்கலாம், அடுத்த மாதமும் இருக்கலாம். டாக்டர் சொன்னபடி தோளை ஒரு சுற்றுச் சுற்றினாள். அக்காவின் கையைத் தோளிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கத்தரிக்கோல் காய்த்த அந்த விரல்கள் கெட்டியாக, பலமாகத் திருப்பிப் பிடித்தன.

"பேசாம கேளு. எனக்கு அந்த நோய் இல்லக்கா."